பூசணிக்காய் அழுகிய மாதம்

போன இலையுதிர் காலத்தில் என் மகளின் வகுப்பறை யன்னலோரம், பழைய மீன்தொட்டி ஒன்றுக்குள் ஒரு பூசணிக்காய் அழுகிக்கொண்டிருந்தது. அழுகட்டும் என்றுதான் வைத்திருந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் அதைப் பார்த்து ஒரு படம் கீறி, என்ன மாறியிருக்கிறது என்று ஒரு வசனம் எழுத வேண்டும். எழுத்து, சித்திரம், விஞ்ஞானம் மூன்றும் அந்த ஒரு பூசணிக்காயோடு முடிந்துவிடும். பிள்ளைகள் அதற்கு 'மிஸ்யூ' என்று பட்டம் வைத்திருந்தார்கள். பிரெஞ்சில் அது, நாங்கள் ஐயா என்பதுபோல. காலையில் 'பொன்ஜூர் மிஸ்யூ' சொல்லாமல் ஒருவரும் கதிரையில் இருப்பதில்லையாம்.

"அம்மா, மிஸ்யூக்குத் தாடி வந்திட்டுது," என்றாள் ஒருநாள், கார்க் கதவைத் திறக்கும்போதே. "வெள்ளைத் தாடி. பெரியப்பான்ரை மாதிரி."

"பெரியப்பாட்டைச் சொல்லிப்போடாதை."

"சொல்லப்போறன். போனைத் தாங்கோ."

பெரியப்பா என்பது என் கணவரின் அண்ணன். ஸ்பீக்கரில் அவர் சிரிப்பது கார் முழுக்கக் கேட்டது. "அப்ப நான் அழுகின பூசணிக்காயோடி? பொறு, வாறன், வந்து காதை முறுக்கிறன்." அவள் பின்சீட்டில் கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். கோடைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

கோடையில் அவளுடைய அப்பா இறந்துபோனார். டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை, இரவு முறை. யூலை கடைசியில் ஒரு காலை, வேலையால் வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தார். இதயம் என்றார்கள். நான் குளியலறையில் இருந்தேன். மகள் அவருக்குப் பக்கத்தில் இருந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா நித்திரை என்று நினைத்துத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாள். இதை எழுதும்போதும் அந்தக் குறைந்த சத்தம்தான் எனக்குக் கேட்கிறது.

இரவு வேலை என்றபடியால் மத்தியானம் தாண்டி எழும்புவார். பள்ளிக்கூடத்தால் பிள்ளையை ஏற்றுவது அவர்தான். அவள் காரில் ஏறியதும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாதி முட்டை சான்ட்விச்சை முன்சீட்டுக்கு நீட்டுவாள். அவர் அதைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கார் வெளிக்கிடும். நான் விடுமுறை எடுத்த ஒருநாள் இதைப் பார்த்துவிட்டுப் பேசினேன்.

"பிள்ளைக்குக் கட்டுற சாப்பாட்டை ஏன் நீங்கள் சாப்பிடுறியள்?"

"மிச்சத்தைத்தானே அப்பா சாப்பிடுறன்," என்றார், வாய்க்குள் முட்டையை வைத்துக்கொண்டு.

பின்னாலிருந்து அவள் திருத்தினாள். "மிச்சமில்லை. அது அப்பான்ரை பாதி."

செத்தவீட்டில் அவளை எரியூட்டும் இடத்துக்குக் கூட்டிப்போகவில்லை. பிள்ளைக்கு வேண்டாம் என்றார்கள். பக்கத்து வீட்டில் விட்டோம். ஆனால் எட்டுச் செலவுக்கு வீட்டில்தான் இருந்தாள். எங்கள் வழக்கத்தில் எட்டாம் நாள் இறந்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். அவர் வந்து சாப்பிடட்டும் என்று. ஆட்டிறைச்சிக் கறி, கணவாய்ப் பொரியல், உழுத்தம் வடை எல்லாம் வைத்தோம். வேலை இடைவேளையில் அவர் வாங்கும் மேப்பிள் டோனட் ஒன்றையும் மச்சாள் மறக்காமல் வைத்தார். மச்சாள் அவருடைய அக்கா. பார்க் எக்ஸ் என்ற எங்கள் பகுதியிலேயே, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்.

படுக்கையறைக் கதவைச் சாத்தினோம். மகள் கதவில் காதை வைத்தாள்.

"எட்டிப் பாக்கக் கூடாது குஞ்சு," என்றார் மச்சாள். "நாங்கள் நிண்டால் அப்பா வரமாட்டார். கதவைச் சாத்தினால்தான் வருவார்."

கொஞ்ச நேரத்தில் பெரியப்பா தட்டிவிட்டுத் திறந்தார். ஊதுபத்தி அரைவாசி எரிந்திருந்தது.

"அப்பா சாப்பிட்டவரோ?"

"ஓம் பிள்ளை. வடிவாச் சாப்பிட்டிட்டார்."

"டோனட் அப்பிடியே கிடக்கு."

"வேறை நிறையச் சாப்பிட்டவரெல்லோ," என்றார் பெரியப்பா. அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்தவள். இங்கே ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். படித்தது எதுவும் அந்தக் கதவுக்கு முன்னால் என்னோடு நிற்கவில்லை. உள்ளே பீங்கான் அசையும் சத்தம் ஏதும் கேட்கிறதா என்று நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

பள்ளிக்கூடம் தொடங்கியது. இங்கே இரண்டாம் வகுப்பின் இலையுதிர் காலம் முழுக்க வெளியேதான். இலை பொறுக்கி வரச் சொன்னார்கள். ஒரு ஞாயிறு முழுக்கத் தெருத்தெருவாக நடந்தோம். மேப்பிள், ஓக், விசிறி மாதிரி மஞ்சளாய் உதிரும் ஜிங்கோ. வகுப்பில் அவற்றை மெழுகுத் தாளுக்குள் வைத்து இஸ்திரிக்கை போட்டுக் கண்ணாடியில் ஒட்டினார்கள். இலை ஏன் சிவக்கிறது, ஏன் உதிர்கிறது என்று அவள் கேட்டதற்கெல்லாம் நான் மூச்சுவிடாமல் பதில் சொன்னேன். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. பதில் தெரிந்த கேள்விகள்.

ஆனால் மத்தியானச் சாப்பாடு செப்டம்பர் முழுக்கப் பாதி திரும்பி வந்தது. இப்போது அவளை ஏற்றுவது நான். காரில் ஏறியதும் பெட்டியைத் திறப்பாள். என்னைப் பார்ப்பாள். பிறகு மூடிவிடுவாள். பசியில்லையாக்கும் என்று நினைத்து, வீட்டுக்கு வந்ததும் நான் அதைக் குப்பைக்குள் போட்டேன்.

ஆப்பிள் தோட்டத்துக்கு வகுப்பைக் கூட்டிப்போனார்கள். ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்தாள். அதில் மிகப் பெரியதை மட்டும் கழுவித் துடைத்துத் தன் புத்தகப் பைக்குள் வைத்தாள்.

"ஆருக்கு அது?"

"எனக்குத்தான்."

அதற்குச் சில நாள் கழித்து, பள்ளி வாசலிலிருந்து அவள் ஓடிவந்த ஓட்டம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மேலங்கியின் ஒரு கை மட்டும் போட்டபடி, மறு கை காற்றில் பறந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்ன குஞ்சு? என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. ரகசியம்."

வீடு வரும்வரை பாடிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து சாப்பாட்டுப் பெட்டி வெறுமையாக வந்தது. ஒரு துணிக்கை மிச்சமில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது; உடனே மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

"இப்ப முழுக்கச் சாப்பிடுறாள் மச்சாள்."

"பாத்தீரோ. பிள்ளையள் எங்களைவிடக் கெதியாத் தேறிவிடுங்கள். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

நான் யோசிக்காமல் இருந்தேன். அந்தக் கொஞ்ச நாட்கள் உண்மையாகவே யோசிக்காமல் இருந்தேன்.

ஒக்டோபர் தொடக்கத்தில் வகுப்பாசிரியை போன் எடுத்தார். பிள்ளைகள் 'மடாம்' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அதுவே பெயர். நாளை மணியடிக்க முன் ஒருக்கால் வர முடியுமா, பெரிய விசயமில்லை, மகளின் சாப்பாடு பற்றி, என்றார். சாப்பாடு கொடுப்பதில்லை என்று நினைக்கிறார்களோ? சிறுவர் பாதுகாப்புக்கு எழுதிவிடுவார்களோ? இந்த ஊரில் எங்கள் ஆட்களுக்கு அந்தப் பயம் எப்போதும் அடிமனதில் கிடக்கிறது. தகப்பன் இல்லாத வீடு வேறு. காரில் போகும்போது பிரெஞ்சில் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். காலையில் பால், முட்டை. மத்தியானம் சான்ட்விச், பழம். இரவில் சோறு.

மடாம் என்னை வகுப்புக்குள் கூட்டிப்போகவில்லை. நடைபாதையில் பிள்ளைகளின் சின்ன லொக்கர்கள் வரிசையாக இருந்தன. மகளின் படம் ஒட்டிய லொக்கருக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் மகள் இங்கே வருகிறாள், கதவை இரண்டு கையாலும் அழுத்திச் சாத்துகிறாள், சாத்திவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறாள், என்றார். பிறகு கதவைத் திறந்தார்.

முதலில் புளித்த மணம் வந்தது. நான் மனப்பாடம் செய்ததைச் சொல்லத் தொடங்கினேன். பால், முட்டை. அப்போதுதான் மேல்தட்டைப் பார்த்தேன்.

ஒரு பெரிய மேப்பிள் இலை. சிவந்து, கொஞ்சம் சுருண்டிருந்தது. வாழையிலை போடுவதுபோலத் தட்டின் நடுவில் விரித்திருந்தாள். அதன்மேல் பாதி சான்ட்விச்சுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. பக்கத்தில் ஒரு கடதாசிக் கோப்பையில் தண்ணீர். வகுப்பில் வேறொரு பூசணிக்காய் வெட்டியபோது எடுத்த விதைகள் கொஞ்சம், ஒரு மூலையில் பொரியல் வைப்பதுபோல.

எனக்குப் பால், முட்டை எல்லாம் மறந்துபோயிற்று. "இது அவளுடைய அப்பாவுக்கு," என்று மட்டும் என் பிரெஞ்சில் சொன்னேன். எட்டுச் செலவை எப்படிச் சொல்வது? இறந்தவருக்குச் சாப்பாடு வைப்போம், கதவைச் சாத்துவோம், என்றேன். மடாம் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

கொஞ்சம் பொறுத்து, "ஆனால் ஒரு தடவை எல்லாம் காணாமல் போனது," என்றார். போன வாரத் தொடக்கத்தில் துப்புரவு செய்பவர் லொக்கர்களைத் துடைத்திருக்கிறார். ஒரு பெரிய ஆப்பிளும் சான்ட்விச்சும் இருந்ததாம். எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு மடாமிடம் சொன்னாராம். எந்த நாள் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்த ஒற்றைக் கை மேலங்கி ஓட்டம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அன்று அவள் லொக்கரைத் திறந்தாள், உள்ளே ஒன்றுமில்லை. அப்பா வந்துவிட்டார்.

இதையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார் மடாம். எலி வரும், வைத்திருக்க முடியாது. எடுத்தால் அவள் மீண்டும் நம்புவாள். வருடம் முழுக்க நம்புவாள். எடுக்காவிட்டால் அவளே கண்டுபிடிப்பாள். சொல்ல வேண்டியது நான்தான் என்று மடாம் சொல்லவில்லை. அந்தக் கனிவு எனக்கு இன்னும் கனத்தது. திங்கட்கிழமை நன்றியறிதல் விடுமுறை, மூன்று நாள் இருக்கிறது, அதற்குள் நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன், அதுவரை தொடாதீர்கள், என்று கெஞ்சினேன். தலையாட்டினார்.

சனிக்கிழமை அவளை ஜான்-டலோன் சந்தைக்குக் கூட்டிப்போனேன். பூசணிக்காய்க் குவியல்களுக்கு நடுவில் நின்று தொடங்க நினைத்தேன். அவள் ஒவ்வொரு காயாகத் தட்டி, "இது மிஸ்யூன்ரை தம்பி. இது மிஸ்யூன்ரை மாமி, சரியான குண்டு," என்று சொல்லிக்கொண்டே போனாள். தொடங்கவில்லை. ஞாயிறும் தொடங்கவில்லை. மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

"ஏன் இப்ப சொல்லோணும்?" என்றார். "தேப்பன் வந்து சாப்பிடுறார் எண்டு பிள்ளை சந்தோஷமா இருக்குது. உமக்கு அது பொறுக்கேல்லையோ?"

"பூஞ்சணம் பிடிக்குது மச்சாள்."

"பிடிக்கட்டும். பேந்து வளர்ந்தால் தானா விளங்கும்." பிறகு, "நான்தானே கதவைச் சாத்தினால் வருவார் எண்டு சொன்னது," என்றார். அழுகிறார் என்று தெரிந்தது. நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மச்சாளைக் காரணம் சொல்லித் தப்ப முடியாது. திங்கட்கிழமை நாள் முழுக்க நானும் அவளும் வீட்டில் தனியாகத்தான் இருந்தோம். அன்றும் நான் சொல்லவில்லை. அவர் வருவதில்லை என்று அவளிடம் சொல்வதென்றால், அந்தச் சொல்லை முதலில் என் காது கேட்க வேண்டியிருந்தது.

செவ்வாய் மத்தியானம் மடாம் போன் எடுத்தார். இந்த முறை, உடனே வர முடியுமா என்று கேட்டார்.

மற்றப் பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். மகள் யன்னலோரம் மீன்தொட்டிக்கு முன்னால் கதிரையில் முழங்காலிட்டு நின்றாள். கையில் வகுப்புப் பூதக்கண்ணாடி. தொட்டிக்குப் பக்கத்தில் அந்த மேப்பிள் இலை, அதன்மேல் சான்ட்விச். லொக்கரைத் திறந்தவள் தானாகவே இலையோடு ஏந்திக்கொண்டு வந்து வைத்தாளாம். அழவில்லையாம். மடாம் மெதுவாக எங்களை விட்டுக் கதவடிக்குப் போய் நின்றார்.

"அம்மா, பாருங்கோ." குரல் சாதாரணமாக இருந்தது. வகுப்பில் விளக்கம் சொல்வதுபோல. "மிஸ்யூவிலை இருக்கிறதும் இதிலை இருக்கிறதும் ஒண்டு. முதல் வெள்ளை, பேந்து பச்சை. ஆரும் சாப்பிடாமல் விட்டால்தான் இது வரும். மடாம் படிப்பிச்சவ."

நான் பூதக்கண்ணாடிக்குள் பார்த்தேன். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் நுணுக்குக்காட்டிக்கு அடியில் வைத்துப் படம் கீறிய அதே பாண் பூஞ்சணம். சின்னக் கறுப்புத் தலைகள், மெல்லிய நூல்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எனக்குப் பெயர் தெரியும்.

"ஓம்," என்றேன்.

"கொஞ்ச நாளா அப்பா வரேல்லை. ஓவர்டைம் எண்டு நினைச்சன்."

அவளுடைய முதுகைத் தடவினேன்.

"அப்ப அண்டைக்கு எடுத்தது ஆர்? ஆப்பிள் வைச்ச அண்டைக்கு?"

"இஞ்சை துப்புரவாக்கிற அங்கிள்."

அவள் யோசித்தாள். "அவர் சாப்பிட்டவரோ?"

பொய் சொல்லியிருக்கலாம். ஓம் என்றிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் எட்டாம் நாள் எங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு ஓம் ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது.

"இல்லைக் குஞ்சு. அவருக்குத் தெரியாது. குப்பையிலை போட்டிட்டார்."

அப்போதுதான் அவள் உடைந்தாள். அப்பா வரவில்லை என்றதற்கு அழாத பிள்ளை, அதற்கு அழுதாள். "அது அப்பான்ரை பாதி," என்றாள். "குப்பையிலை போட அது மிச்சமில்லை. அது அப்பான்ரை பாதி." கதிரையிலிருந்து என் கழுத்தில் விழுந்து, என் மேலங்கியின் கழுத்துப் பட்டியைக் கடித்துக்கொண்டு அழுதாள். செப்டம்பர் முழுக்க நான் குப்பைக்குள் போட்ட பாதிகள் என் நினைவுக்கு வந்தன. பெட்டியைத் திறந்து, என்னைப் பார்த்து, மூடிய அந்தப் பார்வை.

வெளியே பிள்ளைகள் உதிர்ந்த இலைகளைக் குவித்துக் குவித்துப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். மணியடித்தது. மடாம் அவர்களை இன்னும் கொஞ்ச நேரம் வெளியே நிற்க விட்டார்.

பனி விழ முன் மிஸ்யூவைப் பள்ளித் தோட்டத்தில் புதைத்தார்கள். அந்த மேப்பிள் இலையையும் அதன்மேல் இருந்ததையும் கூடச் சேர்த்துப் புதைக்கலாமா என்று மகள் கேட்டாளாம். மடாம் குழியைச் சற்று அகலமாக வெட்டினாராம்.

நவம்பர் மாசியத்துக்கு வீட்டில் எல்லோரும் கூடினோம். முதல் வருடம் முடியும்வரை மாதாமாதம் படைப்போம். பெரியப்பா இலையைப் போட்டார், மச்சாள் பரிமாறினார். டோனட்டும் இருந்தது. "சரி, எல்லாரும் வெளியாலை வாங்கோ," என்று பெரியப்பா கதவுப் பிடியில் கை வைத்தார். மகள் எழும்பவில்லை. இலைக்கு முன்னால் சப்பாணி கட்டியபடி இருந்தாள்.

"கதவைச் சாத்த வேண்டாம் பெரியப்பா."

"அப்பிடிச் சொல்லக் கூடாது பிள்ளை."

"சாத்தினாலும் வரமாட்டார். எனக்குத் தெரியும். பழுதாப் போக முந்தி நாங்கள் சாப்பிடுவம்."

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். சாத்தியிருந்தால் நான் இப்போதும் காது கொடுத்துக்கொண்டுதான் நின்றிருப்பேன். அந்தக் காத்திருப்பை அந்த அறையில் அவள் மட்டும்தான் விட்டுவிட்டிருந்தாள். பெரியப்பா தாடியைத் தடவியபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பிடியிலிருந்து கையை எடுத்து, அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். நாங்களும் இருந்தோம். ஆட்டிறைச்சிக் கறி இன்னும் சூடாக இருந்தது.

இப்போது எங்கும் பனி. சாப்பாட்டுப் பெட்டியில் பாதி சான்ட்விச் மறுபடியும் திரும்பி வருகிறது. காரில் ஏறியதும் பெட்டியைத் திறந்து அதை முன்சீட்டுக்கு நீட்டுகிறாள். "சாப்பிடுங்கோ," என்கிறாள், வேறொன்றும் சொல்வதில்லை. ஹீட்டர் இன்னும் சூடேறியிருக்காது. குளிரில் முட்டை இறுகிப்போயிருக்கும். அவர் இருந்த சீட்டில் இருந்து அதைச் சாப்பிடுகிறேன். கடைசித் துண்டை விழுங்கும்வரை கண்ணாடிக்குள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் சீட் பெல்ட்டைப் போடுகிறாள்.